பட்டறைப் பதில்கள்: இந்த இதழ் முழுக்க சைலன்சர்

போன இதழில் டர்போ வண்டிகளுக்கு ஆயில் மாற்றுவதைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் ஆயிலைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாம் சைலன்சர், டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை இறங்கும் குழாய்), மேப் (எஞ்சினை நடத்தும் மென்பொருளை மாற்றுவது). சரி, கேட்டதற்குத்தானே பதில் சொல்ல வேண்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் கோயமுத்தூர் கணபதியில் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பம்ப் கம்பெனியில் டர்னர். அதனால் எந்த வண்டியும் எனக்கு முதலில் இரும்பாகத்தான் தெரியும், அப்புறம்தான் காராகத் தெரியும்.

கேள்வி: என்னிடம் 2018 ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 இருக்கிறது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் டப்பா) இல்லாத மூன்று அங்குல டவுன்பைப்பும் ஸ்டேஜ் 2 மேப்பும் (குழாய் மாற்றத்தோடு சேர்த்துப் போடும், ஸ்டேஜ் 1ஐவிடப் பெரிய மேப்) போட்டால் 320 குதிரை வரும் என்று கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா? (திருப்பூர் வாசகர்)

அந்த 320ஐக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல். கம்பெனிக் கணக்கில் 230 குதிரை, 350 நியூட்டன் மீட்டர் டார்க். ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச் உள்ள ஆறு கியர் டிஎஸ்ஜி (தானே கியர் மாற்றும் இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸ்). இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எல்லாச் சிலிண்டர் புகையையும் ஒன்று சேர்க்கும் கிளைக் குழாய்) என்று தனியாக ஒன்று கிடையாது. சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள், சுற்றிலும் கூலன்ட் ஓடுகிறது. ஹெட்டை விட்டு வெளியே வந்ததும் டர்போ (புகையால் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் சக்கரம்), டர்போவின் வாயில் டவுன்பைப், அதிலேயே கன்வர்ட்டர். நீங்கள் மாற்றப்போவது அந்த ஒரு துண்டைத்தான்.

அது என்ன செய்யும்? டர்போவின் சூடான பக்கத்துச் சக்கரம் சுற்றுவது, அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். பின்பக்கக் குழாய் அகலமானால் அங்கே அழுத்தம் குறையும், சக்கரம் சீக்கிரம் வேகம் பிடிக்கும். இதுவரை கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தம், எவ்வளவு என்று முடிவு செய்வது இசியு, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர். இலக்கை எட்டியதும் அது வேஸ்ட்கேட்டைத் திறந்து மிச்சப் புகையை டர்போவைத் தாண்டி அனுப்பிவிடும். மேப்பைத் தொடாமல் குழாயை மட்டும் மாற்றினால் பிக்கப் கொஞ்சம் முன்னதாக வரும், சத்தம் நிறைய வரும், உச்ச சக்தி பெரிதாக நகராது. சக்தியைத் தருவது மேப். குழாய் அந்த மேப்புக்கு இடம் விடுகிறது, அவ்வளவுதான்.

இனி அந்த 320. ஐரோப்பாவில் இந்த எஞ்சினுக்கு ஸ்டேஜ் 1 மேப்புக்கே 290, 300 என்று போட்டிருப்பார்கள். அது 98 ஆக்டேன் பெட்ரோலில், அந்த ஊர்க் குளிரில். சித்திரை மாதம் மத்தியானம் பல்லடம் ரோட்டில் டிராஃபிக்கில் நின்றுவிட்டு மிதித்தால், இன்டர்கூலருக்குள் (டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) போகும் காற்றே கொதிக்கக் கொதிக்கத்தான் போகும். நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பது, ஆக்டேன் குறைந்தால் இது கூடும்) தொடங்கியதும் நாக் சென்சார் சொல்ல, இசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுக்கும். டைமிங் பின்னால் போன அளவுக்குக் குதிரையும் போகும். காகிதத்தில் இருக்கும் எண்ணை டைனோவில் (சக்தியை அளக்கும் மெஷினில்) காட்டச் சொல்லுங்கள். அதே மெஷினில், அதே நாளில், மாற்றத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. சக்கரத்தில் அளந்ததா, கிராங்குக்கு (எஞ்சினின் சுழல் தண்டுக்கு) கணக்குப் போட்டுச் சொன்னதா என்றும் கேளுங்கள். இந்த இரண்டையும் கேட்டால் பாதிக் கடைகளில் பேச்சு மாறிவிடும்.

கன்வர்ட்டரைக் கழற்றும் வேலையை என் பட்டறையில் செய்வதில்லை. அதைக் கேட்டு வந்து கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, போகட்டும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூட்டுக் கல் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடை எரித்து முடிப்பது அதுதான். அதை எடுத்துவிட்டால் பின் ஆக்சிஜன் சென்சார் பி0420 என்ற பிழைக் குறியீட்டைப் பதிவு செய்து எஞ்சின் விளக்கை எரிய வைக்கும். கடைக்காரர் மென்பொருளில் அந்தக் குறியீட்டை மறைத்துக் கொடுப்பார். விளக்கு எரியாது, சரி. புகைச் சோதனையில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமே, அதை எப்படி மறைப்பார்? போர்டிகோவில் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து விட்டுவிட்டு உள்ளே போய் காபி குடிக்கிற பழக்கம் நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது.

அகலமான டவுன்பைப் வேண்டும் என்றே மனசு கேட்டால், சதுர அங்குலத்துக்கு 200 கண் உள்ள ஸ்போர்ட்ஸ் கன்வர்ட்டர் வைத்தது வாங்குங்கள். கம்பெனி கன்வர்ட்டரில் சாதாரணமாக 400 முதல் 600 கண் வரை இருக்கும், அதைவிட இது தாராளம். கன்வர்ட்டரே இல்லாததோடு ஒப்பிட்டால் நீங்கள் இழப்பது சொற்பம். ஆனால் இதுவும் கம்பெனி கொடுத்த பாகம் இல்லை, சட்டத்தில் இதுவும் மாற்றம்தான். சட்டத்தைப் பற்றிக் கீழே ஈரோட்டு அய்யாவுக்கு எழுதியிருக்கிறேன், அதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நானாக இருந்தால் எப்படிச் செய்வேன்? பழைய பிளக், காயில் எல்லாம் மாற்றி, இன்டேக் வால்வில் கார்பன் படிந்திருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்ப்பேன். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் அந்த வால்வைக் கழுவுவதில்லை, படியத்தான் செய்யும். டிஎஸ்ஜி ஆயிலும் ஃபில்டரும் 60,000 கிலோமீட்டருக்கு என்று புத்தகத்தில் இருந்தாலும், டார்க் ஏற்றிய வண்டிக்கு 40,000த்தில் மாற்றுவேன். அப்புறம் கம்பெனிக் குழாயிலேயே ஒரு மிதமான மேப். அதை ஒரு கோடை முழுக்க ஓட்டிப் பார்ப்பேன். அதற்கு மேல் ஆசை இருந்தால் பெரிய இன்டர்கூலர். டவுன்பைப் அதற்கும் பிறகுதான். சத்தம்தான் வேண்டும் என்றால் அது வேறு விஷயம், அதற்கு இத்தனை செலவே தேவையில்லை.

கேள்வி: போலோ ஜிடி டிஎஸ்ஐக்கு ஃப்ரீ ஃப்ளோ (புகையை அதிகம் தடுக்காத) சைலன்சர் போட்டேன். ஊருக்குள் அருமையாக இருக்கிறது. ஆனால் பைபாஸில் நூறைத் தொட்டதும், ஆர்பிஎம் மீட்டர் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 2,250க்கும் 2,400க்கும் நடுவில், காதுக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு அடைப்பு. அம்மா வண்டியில் ஏறமாட்டேன் என்கிறார். (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

அம்மா சொல்வது நியாயம். நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடித்தது, எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்று குறித்து அனுப்பியது. அது இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நான்கு சிலிண்டர் எஞ்சின், கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை வெடிக்கும். 2,400 சுற்று என்றால் நொடிக்கு 40 சுற்று, 80 வெடிப்பு. அதாவது 80 ஹெர்ட்ஸ். ஹேட்ச்பேக் வண்டியின் கூடும் பின் கதவும் அந்தக் கீழ் ஸ்தாயியில் சேர்ந்து அதிர்ந்தால் சத்தம் உள்ளேயே தங்கிவிடும். கம்பெனிக்காரன் நடுவில் ஒரு ரெசனேட்டர் டப்பா வைப்பதும் பின்னால் பெரிய மஃப்ளர் வைப்பதும் இதை அடக்கத்தான். உங்களுக்குப் போட்டவர் நடு டப்பாவையும் வெட்டியிருப்பார் என்பது என் ஊகம். வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். வெட்டியிருந்தால் அதே அளவு ரெசனேட்டர் ஒன்றைத் திரும்ப வையுங்கள். நிறையப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

லிஃப்டில் இருக்கும்போதே குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பரை எல்லாம் கையால் ஆட்டிப் பாருங்கள். கெட்டியாகி வெடித்திருந்தால் குழாயின் அதிர்வு நேரே பாடிக்குப் போகும். குழாய் எங்காவது ஹீட் ஷீல்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசிய இடத்தில் கருப்புக்கு நடுவே ஒரு வெள்ளிக் கோடு பளபளவென்று தெரியும்.

ரெசனேட்டர் இருந்தும் அடைப்பு போகவில்லை என்றால் ஜே பைப். இதில்தான் எனக்கு ருசி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரதானக் குழாயிலிருந்து ஒரு கிளைக் குழாய் எடுத்து அதன் மறுமுனையை அடைத்துவிட வேண்டும். ஒலி அந்தக் கிளைக்குள் போய், அடைப்பில் மோதித் திரும்பி வரும். கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், திரும்பி வரும் அலை, வந்துகொண்டிருக்கும் அலைக்கு நேர் எதிராக நின்று அதை அழிக்கும். நீளத்துக்கான கணக்கு: ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். அறைக் காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும், சூடான புகையில் இன்னும் வேகம். 250 டிகிரியில் ஏறத்தாழ 458 மீட்டர். 458ஐ 320ஆல் வகுத்தால் 1.43 மீட்டர். ஆனால் கிளைக்குள் புகை ஓடாமல் நிற்கிறது, அதனால் ஆறிப்போய் இருக்கும். 150 டிகிரி என்று வைத்தால் 1.3 மீட்டருக்கு வந்துவிடும். நான் கொஞ்சம் நீளமாகவே வைத்து, முனையில் கழற்றும் மூடி போட்டு, ரோட்டில் ஓட்டிப் பார்த்து, விரல் அகலம் விரல் அகலமாக வெட்டிக்கொண்டு வருவேன். அடைப்பு எந்த ஆர்பிஎம்முக்கு நகர்கிறது என்று பக்கத்து சீட்டில் ஒருத்தர் எழுதிக்கொண்டே வர வேண்டும். பெருந்துறை தாண்டி நாலு வழிச் சாலையில் காலை நேரம் இதற்கு வசதி.

போலோவின் அடியில் 1.3 மீட்டருக்கு நேரான இடம் கிடையாது. ஸ்டெப்னி பள்ளத்தைச் சுற்றி வளைத்துத்தான் கொண்டு போக வேண்டும். வளைவதால் பாதகமில்லை, கிளைக்கு நீளம்தான் முக்கியம். இதனால் சக்தி குறையுமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். புகை அதன் வழியாக ஓடுவதே இல்லை, அதனால் குறையாது.

கேள்வி: வர்ட்டஸ் ஜிடி 1.5, டிஎஸ்ஜி. நல்ல ஹெட்டர் (கம்பெனி மேனிஃபோல்டுக்குப் பதில் போடும் குழாய்த் தொகுப்பு) ஒன்று சொல்லுங்கள். (பெருந்துறை வாசகர்)

உங்கள் எஞ்சினிலும் மேனிஃபோல்டு ஹெட்டுக்குள்ளேயே இருக்கிறது. கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை. யாராவது ஹெட்டர் இருக்கிறது என்று படம் காட்டினால் அது வேறு வண்டியின் படம்.

மேப் போடும் எண்ணம் இருந்தால் ஒன்று. உங்கள் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. அந்த உலர் கிளட்ச் ஏழு கியர் டிஎஸ்ஜி தாங்கும் என்று கம்பெனி சொல்லும் அளவும் 250தான். மிச்சம் ஒன்றும் இல்லை. வாரண்டி இருக்கும்போது மேப்பைத் தொட்டால் சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரில் டிடி1 என்று குறி விழும், அப்புறம் எஞ்சினுக்கோ கியர் பாக்ஸுக்கோ வாரண்டி கேட்டால் அதைக் காட்டுவார்கள். இன்னொன்று, இந்த எஞ்சின் மெதுவாகப் போகும்போது இரண்டு சிலிண்டரை நிறுத்திவிட்டு இரண்டில் ஓடும். வெடிப்பு பாதியாகும்போது ஸ்தாயியும் பாதியாக இறங்கும். கம்பெனி மஃப்ளர் அதற்கும் சேர்த்துச் செய்தது. ஃப்ரீ ஃப்ளோ போட்டால் கோபிக்காரர் அம்மா நிலைமைதான் உங்கள் வீட்டிலும்.

கேள்வி: இங்கே லாரி பாடி கட்டும் வெல்டரே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் முழு எக்ஸாஸ்டும் செய்து தருகிறேன் என்கிறார். வெளிநாட்டுக் குழாயின் விலையில் கால்வாசிகூட இல்லை. நம்பலாமா? (நாமக்கல் வாசகர்)

ஆளை நம்பலாம், பைப்பை நம்பக் கூடாது. நம் பக்கத்தில் கை வேலைக்குப் பஞ்சமே இல்லை. என்ன சரக்கில் செய்கிறார் என்பதுதான் கேள்வி. மாடிப்படி கைப்பிடிக்கு விற்கும் பளபளப்பான பைப் பெரும்பாலும் 202 ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. எக்ஸாஸ்ட் சூட்டில் வெல்டிங் ஓரமாகத் துருப்பிடித்து விரிசல் விடும். வேண்டியது 304, அதில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். காந்தம் வைத்துப் பார்க்கிறேன் என்பார்கள், இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. ஒரு துண்டு வெட்டிக்கொண்டு கோயமுத்தூரில் ஃபவுண்டரிகளுக்குச் சோதனை செய்யும் லேபில் கொடுத்தால் ஸ்பெக்ட்ரோவில் வைத்து எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று சீட்டு தந்துவிடுவார்கள். குழாய்க்குக் கொடுக்கும் காசில் அது ஒன்றுமே இல்லை.

கம்பெனி வண்டிகளில் பெரும்பாலும் 409 ரகம் போடுவார்கள். பார்க்க அழுக்காக, மேலே துரு பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் சூட்டில் குறைவாக விரியும். 304 அதைவிட அதிகம் விரியும். இரண்டு மீட்டர் 304 குழாய் 400 டிகிரி சூடேறினால் 13 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அந்த நீளத்துக்கு எங்கேயாவது போக இடம் வேண்டும். எஞ்சின் பக்கம் ஒரு நல்ல ஃப்ளெக்ஸ் ஜாயின்ட், மீதி எல்லாம் ரப்பர் ஹேங்கரில் தொங்க வேண்டும். லாரி வேலை செய்து பழகிய கை, உறுதியாக இருக்கட்டும் என்று சேஸிஸோடு கிளாம்ப் போட்டு இறுக்கிவிடும். காருக்கு அப்படிச் செய்தால் ஆறு மாதத்தில் வெல்டிங் விட்டுப்போகும்.

வளைவை மணல் நிரப்பி நசுக்கி வளைக்கக் கூடாது, மேன்ட்ரெல் பென்ட் (உள்ளே அச்சு வைத்து நசுங்காமல் வளைத்தது) வாங்கி ஒட்டச் சொல்லுங்கள். வெல்டிங் ஆர்கானில்தான். வெளியே ஆர்கான் ஓடினால் போதாது, குழாய்க்குள்ளும் ஆர்கான் விட்டு நிரப்பிக்கொண்டு ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் சர்க்கரை கொட்டியதாகக் கருகிப் பொரிந்து நிற்கும், அந்த இடத்தில்தான் முதலில் உடையும். 304ஐ 304ஓடு ஒட்ட 308எல் கம்பி, கம்பெனியின் 409 ஃபிளாஞ்சோடு ஒட்ட 309எல். இதையெல்லாம் கேட்டதும் உங்கள் வெல்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினால் கொடுங்கள். 'அதெல்லாம் எதுக்குங்க' என்றால் திருப்பூர் பக்கம் சாயப்பட்டறை மெஷின் செய்பவர்களிடம் போங்கள். துணி சிக்காமல் ஓட வேண்டும் என்பதற்காக உள்பக்க வெல்டிங்கை வழுவழுவென்று கொண்டு வருவதே அவர்கள் தினசரி வேலை. கார் எக்ஸாஸ்ட் என்றால் முதலில் முறைப்பார்கள், டிராயிங் கொடுத்தால் செய்வார்கள்.

கேள்வி: என் மகன் செகண்ட் ஹேண்டில் ஒரு பிஎம்டபிள்யூ வாங்கி, அதற்கு சைலன்சர் மட்டும் ஒன்றரை லட்சத்துக்குப் போட்டிருக்கிறான். ராத்திரி பதினொரு மணிக்கு வரும்போது தெருவே எழுந்துகொள்கிறது. போலீஸ் பிடித்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு எழுதுங்கள், நான் சொன்னால் கேட்பதில்லை. (ஈரோடு வாசகர்)

அய்யா, நீங்கள் சொல்லிக் கேட்காதவர் நான் எழுதியா கேட்கப் போகிறார்? இருந்தாலும் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன், பத்திரிகையை மேசையில் திறந்து வைத்துவிடுங்கள்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி, புகை விதியை மீறினால் 190ஆம் பிரிவு. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதி இழப்பு என்று இருக்கிறது. நம் நாட்டில் புது காருக்கு ஒலிச் சோதனையில் அனுமதித்த அளவு 74 டெசிபல். உங்கள் தெருவை எழுப்பும் வண்டி அதற்குப் பக்கத்தில்கூட இருக்காது.

தம்பி, இது உனக்கு. போலீஸை விடு, இன்சூரன்ஸை நினைத்துப் பார். மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டு, நாளைக்கு வண்டி தீப்பிடித்தது என்று போனால், சர்வேயர் முதலில் அடியில்தான் குனிந்து பார்ப்பார். சத்தம் பிடிக்கும் என்றால் எனக்கும் பிடிக்கும். ஆனால் பழைய சைலன்சர் எங்கே இருக்கிறது? கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இன்றைக்கே போய்க் கேட்டு வாங்கி அட்டாளியில் போடு. தெரு ஓட்டத்துக்கு அதை மாட்டு. புதியதை டிராக்குக்குப் போகிற நாளில் மாட்டிக்கொள். வால்வு வைத்த சைலன்சர்தானே, மூடினால் சத்தம் வராதே என்பாய். மூடியிருந்தாலும் அது மாற்றிய சைலன்சர்தான், ராத்திரி பதினொரு மணிக்கு நீ அதை மூடுவதும் இல்லை என்று அப்பா எழுதியதிலிருந்தே தெரிகிறது.

கேள்வி: ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட் என்று வெடிக்கும் மேப் போட வேண்டும். வால்பாறை ரோட்டில் ஓட்டினால் எப்படி இருக்கும்! (பொள்ளாச்சி வாசகர்)

ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவும் இருக்கிறது, சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் இருக்கிறது. யானை நிற்கும் வளைவில் வெடிச் சத்தம் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும் என்று ஒரு மனுசன் ஆசைப்படலாமா?

வண்டிக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்கிறேன். மிதியை விட்டதும் சாதாரணமாக இசியு பெட்ரோலை நிறுத்திவிடும். வெடி மேப்பில் பெட்ரோலை விட்டுக்கொண்டே, தீப்பொறியை ரொம்பத் தாமதமாகக் கொடுப்பார்கள். எரிய வேண்டியது சிலிண்டரில் எரியாமல் எக்ஸாஸ்ட்டுக்குள் போய் எரியும். அந்தச் சூடு முதலில் எக்ஸாஸ்ட் வால்வுக்கு, அப்புறம் டர்போவின் சக்கரத்துக்கு, கடைசியில் கன்வர்ட்டரின் கல்லுக்கு. கல் உருகி உடைந்து குழாயை அடைத்த வண்டிகள் என் பட்டறைக்கு வருகின்றன. வரும்போது எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பிக்கப் இல்லீங்க.

கேள்வி: எஞ்சினுக்கு பேக் பிரஷர் (குழாய் புகைக்குத் தரும் எதிர் அழுத்தம்) அவசியம், அது இல்லாவிட்டால் டார்க் போய்விடும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். வகுப்பில் வேறு மாதிரி சொல்கிறார்கள். வீட்டில் ஒரு பழைய மாருதி எஸ்டீம் இருக்கிறது, அதற்கு 4-1 ஹெட்டரா (நான்கு குழாயும் ஒரே இடத்தில் சேர்வது), 4-2-1ஆ (முதலில் இரண்டிரண்டாக, பிறகு ஒன்றாகச் சேர்வது)? (கோயமுத்தூர் பொறியியல் மாணவர்)

வகுப்பு ஜெயித்தது. கிணற்று மோட்டாருக்கு டெலிவரி பைப்பைச் சின்னதாக்கினால் மோட்டார் திணறும், தண்ணீர் குறையும். எந்த எஞ்சினுக்கும் எதிர் அழுத்தத்தால் லாபம் கிடையாது.

அப்புறம் ஏன் பெரிய குழாய் போட்டதும் கீழ் ஆர்பிஎம் டார்க் போகிறது? குழாய் அகலமானால் புகையின் வேகம் குறையும். ஒவ்வொரு வெடிப்பும் குழாயில் ஓர் அழுத்த அலையை அனுப்புகிறது. அது குழாய் சேரும் இடத்தில் விரிந்து, பின்னோக்கி ஒரு வெற்றிட அலையைத் திருப்பி அனுப்பும். எக்ஸாஸ்ட் வால்வும் இன்டேக் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் வெற்றிட அலை வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சிக்கொண்டு புதுக் காற்றையும் உள்ளே இழுக்கும். வந்து சேரும் நேரத்தை முடிவு செய்வது குழாயின் நீளம். வேகத்தை முடிவு செய்வது அகலம். சீனியர்கள் பார்த்தது உண்மை, அதற்கு வைத்த காரணம்தான் தப்பு.

எஸ்டீமுக்கு 4-2-1. அது நடு ஆர்பிஎம்மில் பரவலாகத் தரும், ரோட்டுக்கு அதுதான் வேண்டும். 4-1 மேல் ஆர்பிஎம்முக்கு. 1,298 சிசி எஞ்சினில் ஹெட்டரால் மட்டும் பெரிய மாயம் நடக்காது. ஆனால் படிக்கிற பையனுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. நீயே நீளம் கணக்குப் போட்டு, நீயே வெட்டு, ஓட்டிப் பார்க்கும் வேலையை மட்டும் டிராக்கில் வைத்துக்கொள். கேம் ஷாஃப்டைத் தொடுவதாக இருந்தால் முதலில் எனக்கு எழுது.

கேள்வி: உறவினரின் ஃபோர்டு முஸ்டாங் ஜிடியை ஃபெராரி மாதிரி கத்த வைக்க முடியுமா? (மேட்டுப்பாளையம் வாசகர்)

முடியாது. சத்தத்தின் பிறப்பிடம் கிராங்க் ஷாஃப்ட். 2016இல் இங்கே வந்த முஸ்டாங் ஜிடியின் 5 லிட்டர் வி8, கிராஸ் பிளேன் கிராங்க். ஒரு பக்கத்து நான்கு சிலிண்டரும் சீரான இடைவெளியில் வெடிக்காது. அந்தத் தாளம் தப்பிய வெடிப்புதான் அந்தக் குடுகுடு. ஃபெராரியின் வி8 ஃப்ளாட் பிளேன், சீராக வெடிக்கும், அதனால் கத்தும். இரண்டு பக்கக் குழாயையும் நடுவில் எக்ஸ் வடிவத்தில் சேர்த்தால் கொஞ்சம் மென்மையாக, உயரமாகக் கேட்கும். எச் வடிவம் குடுகுடுவை அப்படியே வைத்திருக்கும். உறவினரிடம் எச் என்று சொல்லுங்கள். முஸ்டாங் வாங்கிவிட்டு ஃபெராரிச் சத்தம் கேட்பவரை எனக்குப் புரியவில்லை.

கேள்வி: எஞ்சின் வேலை எல்லாம் முடித்துவிட்டேன். எங்கே போய் ஓட்டிப் பார்ப்பது? (கரூர் வாசகர்)

ரோட்டில் வேண்டாம். கோயமுத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீட்டர், 2003இல் திறந்தது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் காரை இந்த ஊரிலேயே செய்த கரிவரதன் பெயரில் இருக்கிறது. 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். டிராக்கைத் தனியாருக்குத் திறந்துவிடும் நாள்கள் உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

போவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், சுடச்சுட நான்கைந்து முறை பிடித்ததும் கொதித்து, பெடல் தரையைத் தொடும். எஞ்சினுக்கு லட்சம் செலவழித்தவர்கள் இதற்கு ஐந்நூறு ரூபாய் யோசிக்கிறார்கள். டயருக்குக் காற்று குளிர்ந்திருக்கும்போது பிடித்துவிட்டு, ஓட்டி வந்த சூட்டில் மறுபடி பாருங்கள், நிச்சயம் ஏறியிருக்கும்.

கேள்வி: கோல்ஃப் ஜிடிஐ புதுசு. எக்ஸ்பி100 (இந்தியன் ஆயில் விற்கும் 100 ஆக்டேன் பெட்ரோல்) போட்டால் சக்தி கூடுமா? (சேலம் வாசகர்)

சாதாரணப் பெட்ரோலில் நாக்கிங் வந்து இசியு டைமிங்கை இழுத்துக்கொண்டிருந்தால், அந்த இழந்தது திரும்ப வரும். அதற்கு மேல் வராது. 265 குதிரை டர்போ எஞ்சின், நம் ஊர் வெயில். கோடையில் நல்ல ஆக்டேன் போடுங்கள், மார்கழியில் உங்கள் இஷ்டம். டேங்க் மூடிக்குப் பின்னால் குறைந்தபட்சம் என்ன போட வேண்டும் என்று எழுதியிருக்கும், அதற்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: கழற்றிய கம்பெனிக் குழாயை இரும்புக் கடையில் போடலாமா? இடத்தை அடைக்கிறது. (தாராபுரம் வாசகர்)

போடாதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். கன்வர்ட்டரோடு இருந்தால் இன்னும் போடாதீர்கள். உள்ளே பிளாட்டினம் இருப்பது உக்கடத்துக் கடைக்காரருக்குத் தெரியும், ஆனால் எடைக்கு இரும்பு விலைதான் சொல்வார். இரண்டு முனையிலும் துணி அடைத்து, சாக்கில் சுற்றி, எலி ஏறாத இடத்தில் வையுங்கள். நட்டு, போல்ட்டு, கேஸ்கெட் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு அதே சாக்கோடு கட்டிவிடுங்கள். கேஸ்கெட்டை மட்டும் திரும்ப மாட்டும்போது புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்.